தமிழ் காமிக்ஸ் புதுவெளியீடுகளும் பரிந்துரை மரபும்

தமிழில் புதிதாக வெளிவரும் காமிக்ஸ் நூல்களைப் பற்றி ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எடுத்துச் சொல்லி, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று வழிகாட்டும் வழக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. நாவல், கட்டுரை போன்ற நூல்களுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரை வரும். நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பார்க்கவும் முடியும். காமிக்ஸ் நூலுக்கு இந்த இரண்டு வாய்ப்பும் தமிழில் மிகக் குறைவு. தினசரிகளிலும் இலக்கிய இதழ்களிலும் காமிக்ஸ் மதிப்புரை அபூர்வம். அச்சிடப்படும் படிகளும் குறைவு என்பதால், ஒரு நூல் வந்த சில மாதங்களில் தீர்ந்துபோய், பிறகு பழைய புத்தக வியாபாரியிடம் பல மடங்கு விலைக்குத்தான் கிடைக்கும் என்ற நிலை உண்டு. ஆகவே தமிழ் காமிக்ஸ் வாசகர் பெரும்பாலும் நூலைப் பார்ப்பதற்கு முன்பே அதை வாங்குவதா இல்லையா என்று முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு அவருக்குத் துணையாக இருப்பது பரிந்துரை ஒன்றுதான்.

படக்கதை, சித்திரக்கதை என்ற சொற்களும் தமிழில் உண்டு. கோகுலம், பூந்தளிர் போன்ற சிறுவர் இதழ்கள் வழியாக வந்தவர்கள் சித்திரக்கதை என்பார்கள். தனி நூலாக வருவதைக் காமிக்ஸ் என்று சொல்வதே இன்று பெருவழக்கு. இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

பின்னட்டை விளம்பரம்

தமிழ் காமிக்ஸ் பதிப்பின் மையம் சிவகாசி. 1972 ஜனவரியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962 முதல் வேலியண்ட் என்ற வார இதழில் வந்த தொடரின் தமிழ் வடிவம் அது. ஆய்வகத்தில் வேலை செய்யும் லூயிஸ் கிராண்டேல் ஒரு விபத்தில் கையை இழக்கிறான். இழந்த கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்தப்படுகிறது. பிறகு மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் உடல் மறைந்துவிடுகிறது, இரும்புக்கை மட்டும் தெரிகிறது. இந்த ஒரு வரி போதும், ஒரு பள்ளி மாணவன் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு அந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்ய. எழுபதுகளில் மாயாவி பரவியதற்குப் பதிப்பாளரின் விளம்பரத்தைவிட இந்த ஒரு வரிக் கதைச்சுருக்கம் வாய்வழியாகப் போனதே முக்கிய காரணம் எனலாம்.

1984 ஜூலையில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் ஒரே சமயத்தில் தோன்றின. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பதின்ம வயதிலேயே ஆசிரியராக இருந்து தொடங்கிய லயன் காமிக்ஸ் ஒன்று. அதன் முதல் இதழ் கத்தி முனையில் மாடஸ்தி. தினத்தந்தி குழுமத்திலிருந்து வந்த ராணி காமிக்ஸ் மற்றொன்று. ஜேம்ஸ் பாண்ட் தோன்றிய அழகியைத் தேடி அதன் முதல் இதழ், விலை ரூ.1.50. ராணி காமிக்ஸுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. தினசரி நாளிதழ் போகும் ஊருக்கெல்லாம் அதுவும் போனது. மாதம் இருமுறை, குறித்த தேதியில் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கியது. வாங்க நினைப்பவர் கையில் எடுத்து நான்கு பக்கம் புரட்டிவிட்டு வாங்கலாம். கடைக்காரர் முறைக்கும் வரை புரட்டலாம். அதனால் ராணி காமிக்ஸ் வாசகருக்குப் பரிந்துரை அவ்வளவு தேவைப்படவில்லை. 500 இதழ்கள் வரை வந்து 2005-இல் அது நின்றது.

சிவகாசி இதழ்களின் நிலை வேறு. முகவர் எடுத்த ஊரில் கிடைக்கும், எடுக்காத ஊரில் கிடைக்காது. இதழ் தாமதமாகவும் வரலாம். எனவே அவ்விதழ்களில் பின்னட்டையும் உள்பக்க விளம்பரமும் தனிக்கலையாக வளர்ந்தன. அடுத்த வெளியீட்டின் அட்டைப்படம், நாயகனின் பெயர், ஓரிரு பரபரப்பான வாக்கியங்கள், விலை ஆகியவை அதில் இருக்கும். வெளியீடு தள்ளிப்போனால் அதே விளம்பரம் மறு இதழிலும் வரும். அறிவிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வராமல் போன கதைகளின் பெயர்களைப் பழைய வாசகர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வந்த கதை மறந்துபோய் வராத கதை நினைவில் நிற்பது காமிக்ஸ் உலகின் வேடிக்கைகளில் ஒன்று.

விளம்பரத்தைவிட நம்பகமாகக் கருதப்பட்டது ஆசிரியர் பக்கம். ஹாட்லைன் என்றும், காமிக்ஸ் டைம் என்றும் பெயரிட்ட பகுதிகளில், வரப்போகும் கதை எந்த நாட்டில் வந்தது, ஓவியர் யார், ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஆசிரியர் வாசகரோடு பேசுவது போல எழுதினார். பதிப்பாளரே தன் சரக்கைப் புகழ்வதில் ஒரு சார்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் எடுபடாமல் போன கதைகளைப் பற்றியும் அதே பக்கத்தில் ஒப்புக்கொண்டதால் அந்தப் பகுதிக்கு மதிப்பு கூடியது. புகழ்ச்சி மட்டுமே எழுதும் பரிந்துரையை வாசகர் மூன்றாவது முறை நம்புவதில்லை.

தலைப்பு செய்யும் வேலை

அயல்நாட்டுக் காமிக்ஸின் மூலத் தலைப்பு தமிழ் வாசகருக்கு எதையும் சொல்லாது. பதின்மூன்று என்ற ரோமன் எண்ணையே தலைப்பாகக் கொண்ட பெல்ஜியத் தொடர் தமிழில் இரத்தப் படலம் ஆனது. பிரெஞ்சு மொழியில் புளூபெர்ரி என்ற பெயரில் வந்த குதிரைப்படை அதிகாரி கேப்டன் டைகர் ஆனார், அவருடைய நீண்ட கதை ஒன்று மின்னும் மரணம் ஆனது. ரிக் ஓஷே ரிப்போர்ட்டர் ஜானி ஆனார். இவை வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. கதை எந்த வகை, அதில் சண்டையா மர்மமா சிரிப்பா என்பதைத் தலைப்பே சொல்லிவிடும்படி அமைத்தார்கள். கடையில் நின்று பார்ப்பவனுக்கு முதல் பரிந்துரை அந்தத் தலைப்புதான்.

இதில் குழப்பமும் நேர்ந்தது. லீ ஃபாக் 1936-இல் படைத்த, முகமூடி அணிந்த காட்டு வீரரை முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது, ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ஆக, அந்நாளில் ஒரு வாசகர் 'மாயாவி கதை புதுசா வந்திருக்கு' என்று சொன்னால் கேட்பவர் எந்த மாயாவி என்று கேட்க வேண்டியிருந்தது. இன்றும் பழைய இதழ்களைத் தேடுவோர் இந்த இரட்டைப் பெயரால் தவறான புத்தகத்தை வாங்கி வருவதுண்டு. பரிந்துரை செய்பவர் நாயகனின் பெயரோடு பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான் அவசியமாகிறது.

வாசகர் கடிதம்

ஒரு கதை வந்த பிறகு அதைப் பற்றி வரும் வாசகர் கடிதங்கள் அடுத்தடுத்த இதழ்களில் அச்சாயின. பெயரோடு ஊரின் பெயரும் இருக்கும். திண்டுக்கல், பழனி, உடுமலை, தாராபுரம் போன்ற ஊர்ப்பெயர்களைக் கண்ட வாசகர், நம் பக்கத்திலும் ஒருவர் இதைப் படிக்கிறார் என்று மகிழ்ந்தார். சிலர் முகவரி தேடிப் போய் நண்பர்களாகி, இதழ்களை மாற்றிப் படித்துக்கொண்டார்கள். இப்படிச் சேர்ந்த சிறு குழுக்களே பின்னாளில் தமிழ் காமிக்ஸ் தொடர்ந்து வரக் காரணமாயின.

கடிதங்களுக்கு அடுத்த தேர்வைத் திருத்தும் பலமும் இருந்தது. எந்த நாயகன் தொடர வேண்டும், எவர் போதும் என்பதைக் கடிதங்களின் எண்ணிக்கையும் தொனியும் காட்டின. மாடஸ்தியோடு தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடரும் ரோபோ ஆர்ச்சியும் வந்த பிறகே சிறுவர்களிடம் வேகமாகப் பரவியது. அவ்விருவரும் பிரிட்டனில் லயன் என்ற பெயரிலேயே வந்த வார இதழின் நாயகர்கள் என்பது ஒரு சுவையான பொருத்தம். ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது அன்றைய தமிழ்ச் சிறுவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஜப்பானில் இந்த முறை இன்னும் கறாரானது. 1968-இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழில் வாசகர் கருத்து அஞ்சலட்டை இணைக்கப்பட்டிருக்கும். பிடித்த கதைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். ஓட்டு குறைந்த தொடர் சில வாரங்களிலேயே நிறுத்தப்படும். அமெரிக்காவில் சிறப்புக் காமிக்ஸ் கடைகள் இரண்டு மாதங்களுக்கு முன்பே பட்டியலைப் பார்த்து வேண்டிய படிகளைச் சொல்லிவிட வேண்டும், விற்காததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் இருந்தது. அங்கும் வாடிக்கையாளர் முன்கூட்டிக் கடைக்காரரிடம் பெயர் கொடுத்து வைப்பார். பார்ப்பதற்கு முன்பே வாங்குவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. வேறுபாடு என்னவென்றால், அங்கே கடை இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார். தமிழில் காமிக்ஸுக்கென்றே தனிக்கடை என்பது பெருநகரங்களில்கூட அரிது.

கடையிலிருந்து சந்தாவுக்கு

இரண்டாயிரத்துக்குப் பிறகு சிவகாசி இதழ்களின் வரவு ஒழுங்கற்றுப் போனது. மாதாமாதம் வந்தது எப்போதாவது வருவதாயிற்று. பலர் படிப்பதையே விட்டார்கள். 2010-இல் இரத்தப் படலம் முழுவதும் கறுப்பு வெள்ளையில் ஒரே பெரும் தொகுப்பாக வந்தது ஒரு திருப்பம். எண்பதுகளில் தமிழில் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு வந்த கதை அது. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் கதையை, வாசகரும் முந்தைய பாகம் நினைவில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். தொகுப்பாக வந்த பிறகுதான் பலருக்குக் கதையே புரிந்தது.

2012 ஜனவரியில் லயன் கம்பேக் ஸ்பெஷல் ரூ.100 விலையில் வந்தது. 2013 ஜனவரியில் முத்து காமிக்ஸின் நெவர் பிஃபோர் ஸ்பெஷல் ரூ.400 விலையில் வந்தது. பளபளப்பான தாள், முழு வண்ணம், பிரெஞ்சு-பெல்ஜிய ஆல்பங்கள் என நூலின் தோற்றமே மாறிவிட்டது. ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிய வாசகர் நானூறு ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் யோசிக்கத்தான் செய்வார். அந்த விலையில் பெட்டிக்கடைக்காரரும் வாங்கித் தொங்கவிட மாட்டார். ஆகவே விற்பனை ஆண்டுச் சந்தாவுக்கும் முன்பதிவுக்கும் மாறியது. 2015-இல் மின்னும் மரணம் முழுத்தொகுப்பு முன்பதிவு செய்தோரை நம்பியே அச்சானது.

இந்த மாற்றம் பரிந்துரையின் வேலையை முற்றிலும் மாற்றியது. ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஆண்டு முழுவதற்குமான பட்டியல் வந்துவிடுகிறது. அதைப் பார்த்து மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் நாயகர் பெயர்கள் தெரியும், புதியவர் நான்கைந்து பேர் இருப்பார்கள். அந்த நான்கைந்து பேரைப் பற்றி யார் சொல்வது? மூல நூலைப் பிரெஞ்சிலோ இத்தாலிய மொழியிலோ ஆங்கிலத்திலோ பார்த்த வாசகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கூரியரில் புத்தகம் வந்த அன்று இரவே படித்துவிட்டு மறுநாள் கருத்துச் சொல்பவர்கள் உருவானார்கள். ஓய்வு பெற்றோர், வங்கி ஊழியர், மளிகைக் கடை நடத்துவோர், பொறியாளர் என்று பல தொழிலினர் இவர்களில் உண்டு. சம்பளம் இல்லாத வேலை இது. ஆனால் ஒரு நூல் சந்தாதாரர் அல்லாதவரிடம் எத்தனை படி போகும் என்பது பெரிதும் இவர்கள் சொல்லையே பொறுத்திருக்கிறது.

பழனியிலிருந்து பார்த்தால்

பழனி போன்ற ஒரு நடுத்தர ஊரை எடுத்துக்கொண்டால் இந்த நிலை தெளிவாக விளங்கும். ஆண்டு முழுவதும் பக்தர்கள் வந்துபோகும் ஊர். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் அடிவாரத்தில் நிற்க இடம் இருக்காது. பஞ்சாமிர்தம், பொம்மை, படம், பக்திநூல் எல்லாம் கிடைக்கும். கல்லூரிகளும் பள்ளிகளும் பல உள்ளன. ஆனால் புதிய காமிக்ஸ் நூலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் வெளியூர்தான். சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல்லில் இலக்கியக் களம் அமைப்பினர் மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து நடத்தும் புத்தகத் திருவிழா ஒரு வாய்ப்பு. தாராபுரம் வழியாகப் போனால் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஈரோட்டில் அந்த நாட்களில் காமிக்ஸ் வாசகர்கள் ஆசிரியரோடு கூடும் சந்திப்பும் நடப்பதுண்டு. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவது இரவுப் பயணம்.

வேலைக்குப் போகும் வாசகர் இதைச் சமாளித்துக்கொள்வார். சிக்கல் மாணவருக்கு. பன்னிரண்டு வயது மாணவன் சந்தா கட்ட மாட்டான். தபாலில் வரவழைக்க வீட்டில் பெரியவர் சம்மதிக்க வேண்டும். 'படிக்கிற புத்தகத்தை விட்டுட்டு இது என்ன பொம்மை புத்தகம்' என்ற பேச்சு வரும். எழுபது எண்பதுகளில் ஒரு மாணவன் காமிக்ஸுக்குள் வந்தது பேருந்து நிலையக் கடை வழியாக, அல்லது நண்பனிடம் இரவல் வாங்கி. முதல் வழி அடைபட்டுவிட்டது. இரண்டாவது வழிக்கு இரவல் தர ஒருவர் வேண்டும். இன்று புத்தகம் வைத்திருப்பவர் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். இரவல் கேட்டால் முகம் மாறும்.

2022-இல் முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. அதைக் கொண்டாடிய வாசகரில் பெரும்பகுதியினர் முதல் இருபது ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்கள். புதிய வாசகர் சேராமல் எந்தப் பதிப்பும் நெடுநாள் நடக்காது. ஆகவே புதுவெளியீட்டைப் பரிந்துரைப்பவர் பழைய நண்பர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் செய்தவராவார்.

பரிந்துரைப்பவர் சொல்ல வேண்டியவை

நல்ல பரிந்துரையில் முதலில் சொல்ல வேண்டியது வயது. காமிக்ஸ் என்றாலே சிறுவருக்கு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வலுவாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறு. மாடஸ்தி பிளைசி 1963 முதல் லண்டன் மாலை நாளிதழில் பெரியவர்களுக்காக வந்த தொடர். அதைத் தமிழில் வெளியிட்டபோது சில படங்களில் ஆடையைக் கூட்டி வரைய வேண்டியிருந்தது. இப்போது வரும் ஐரோப்பியக் கதைகளில் சில கடுமையானவை. ஜோடோரோவ்ஸ்கி எழுதிய பௌன்சர் தமிழில் வந்தபோது வயது வந்தோர்க்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது. அட்டையில் குதிரையும் துப்பாக்கியும் இருக்கும், லக்கி லுக் அட்டையிலும் அவை இருக்கும். கடையில் பார்க்கும் தாத்தாவுக்கு வேறுபாடு தெரியாது. பேரனுக்குப் பௌன்சரை வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் அதோடு காமிக்ஸ் முடிந்தது. இந்த ஒரு தகவலைச் சொல்லாத பரிந்துரை மற்றதை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் பயனில்லை, சில சமயம் கெடுதலும்கூட.

அடுத்தது, கதை முழுமையானதா என்பது. பிரெஞ்சு-பெல்ஜிய ஆல்பம் வழக்கமாக 46 அல்லது 48 பக்கம். ஒரு கதை இரண்டு ஆல்பத்தில் முடியலாம், பத்து ஆல்பம் வரைக்கும் போகலாம். தமிழ்ப் பதிப்பில் இரண்டைச் சேர்த்து ஒரே நூலாகப் போடுவதும் உண்டு. லார்கோ வின்ச் தொடர் பெரும்பாலும் இரண்டிரண்டு ஆல்பங்களில் ஒரு கதையை முடிக்கும் அமைப்புடையது. தோர்கலில் சில கதைகள் தனித்தனியாகப் படிக்கத்தக்கவை, சில முந்தையதைப் படிக்காமல் விளங்காதவை. இதற்கு மாறாக, 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லரை எங்கிருந்து தொடங்கினாலும் படிக்கலாம். நாயகனும் அவனுடைய மூன்று தோழர்களும் யார் என்பது பத்துப் பக்கத்தில் விளங்கிவிடும். தமிழில் டெக்ஸ் வில்லர் இவ்வளவு நாள் நிலைத்திருப்பதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். புதிய வாசகருக்குத் தொடரின் நடுப்பாகத்தைக் கொடுத்து 'அருமையான கதை' என்று சொன்னால் அவர் குழம்பிப் போய், குற்றம் தன்னிடம்தான் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்.

கதையைச் சொல்லும் அளவும் முக்கியம். முதல் பத்துப் பக்கத்தில் நடப்பதைச் சொல்லலாம், அதற்கு மேல் கூடாது என்பது ஒரு நல்ல அளவுகோல். ரிப்போர்ட்டர் ஜானி போன்ற துப்பறியும் கதைகளில் அதுவும் அதிகம். கடைசியில் திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே பாதித் திருப்பத்தைச் சொன்னது போலத்தான்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். தமிழில் எழுதப்படும் காமிக்ஸ் கருத்துகளில் இது பெருங்குறை. கதையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள், ஓவியரின் பெயர்கூட இருக்காது. கேப்டன் டைகரின் பாலைவனத்தை வரைந்த ழான் ஜிரோ பின்னர் மோபியஸ் என்ற பெயரில் முற்றிலும் வேறு பாணியில் வரைந்து உலகப்புகழ் பெற்றவர். வியர்வையும் தூசியும் படிந்த அவருடைய முகங்களைப் பார்க்கவே அந்த நூலை வாங்கலாம். இரும்புக்கை மாயாவியின் கறுப்பு வெள்ளைப் படங்களில் வெளிச்சமும் நிழலும் அவ்வளவு நேர்த்தியாக அமைந்ததற்கு ஸ்பெயின் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோவின் கை காரணம். ஓவியரின் பெயரை ஒரு மாணவன் தெரிந்துகொண்டால் அவன் அடுத்த நூலைத் தானே தேடத் தொடங்குவான்.

மொழிபெயர்ப்பின் தரமும் அச்சின் தரமும் சொல்லத்தக்கவை. பேச்சுக்குமிழியில் இடம் குறைவு. தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைச் சிறிதாக்கினால் வயதான வாசகருக்குக் கண் வலிக்கும், வாக்கியத்தைச் சுருக்கினால் கருத்துக் குறையும். இந்த இழுபறியில் ஒவ்வொரு நூலும் எப்படித் தேறியிருக்கிறது என்பதை வாங்கியவர்தான் சொல்ல முடியும்.

மறுபதிப்பா, புதுக்கதையா

தமிழ் காமிக்ஸ் வாசகரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரு சாரார் மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகியோரின் பழைய கதைகளே திரும்ப வர வேண்டும் என்பார்கள். சிறுவயதில் தொலைத்த அந்த இதழ் மீண்டும் கையில் வர வேண்டும் என்ற ஆசை அது. மற்றொரு சாரார், உலகில் இவ்வளவு புதிய கதைகள் இருக்க அறுபதுகளின் கதையை ஏன் மறுபடி அச்சிட வேண்டும் என்பார்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. மறுபதிப்பு நிச்சயமாக விற்கும், புதிய முயற்சிக்கான பணம் அதிலிருந்து கிடைக்கும். ஆனால் மறுபதிப்பை மட்டுமே பரிந்துரைத்துக்கொண்டிருந்தால் இன்றைய மாணவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட அவனுக்கு, மின்சாரம் பாய்ந்தால் மறையும் மனிதன் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஐம்பது வயதுக்காரரின் நெகிழ்ச்சியைப் பரிந்துரையாக அவனிடம் நீட்டுவது பயன் தராது. நூல் மறுபதிப்பு என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நேர்மை. பழைய வாசகருக்கும் அது உதவும். வீட்டில் இருக்கும் கதையையே புதிய அட்டையில் மறுபடி வாங்கியவர்கள் பலர்.

சிவகாசிக்கு வெளியே

பரிந்துரை செய்வோர் அடிக்கடி மறப்பது, சிவகாசி இதழ்கள் அல்லாத நூல்களையும். ஈரானியப் பெண் மர்ஜான் சத்ரபி தன் இளமைக்காலத்தைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் சொன்ன பெர்செபொலிஸ், கோவை விடியல் பதிப்பகத்தின் வழியாகத் தமிழில் வந்தது. அம்பேத்கரின் வாழ்வில் நேர்ந்த தீண்டாமைக் கொடுமைகளைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதியர் வரைந்த பீமாயணம் காலச்சுவடு வழியாக வந்தது. அதில் வழக்கமான கட்டங்களே கிடையாது. பக்கம் முழுதும் மரபு ஓவியத்தின் கோடுகள் ஓடும். தண்ணீர் கேட்கும் சிறுவனைப் பற்றிய பகுதியை எட்டாம் வகுப்பு மாணவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சமூக அறிவியல் பாடத்துக்கு அது நல்ல துணைநூல். கல்கியின் பொன்னியின் செல்வனை நிலா காமிக்ஸ் பாகம் பாகமாகப் படக்கதையாகக் கொண்டு வந்தது. நாவலின் நீளத்தைக் கண்டு தயங்கும் மாணவர்கள் அதன் வழியே மூலத்துக்குப் போக முடியும்.

இந்நூல்களை வாங்குவோர் தம்மைக் காமிக்ஸ் வாசகர் என்று சொல்லிக்கொள்வதில்லை. டெக்ஸ் வில்லர் படிப்பவர்கள் இந்நூல்களைக் காமிக்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. புத்தகக் காட்சியில்கூட இரண்டும் வேறு வேறு அரங்குகளில் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் போய்வரும் பரிந்துரையாளர்கள் மிகச் சிலரே.

முதல் புத்தகம்

இதுவரை ஒரு காமிக்ஸ்கூடப் படித்திராத, ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான மூத்த வாசகர்கள் சொல்லும் விடை லக்கி லுக். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்த பாத்திரம். ஆஸ்டெரிக்ஸை எழுதிய கோசினி இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்கும் கதை எழுதினார். தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவன், ஆனால் யாரையும் கொல்வதில்லை. பேசும் குதிரை, அண்ணன் தம்பிகளாக உயரவரிசையில் நிற்கும் நான்கு திருடர்கள், முட்டாள்தனமே உருவான ஒரு சிறைக்காவல் நாய் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சிரிக்க ஏதாவது இருக்கும். ஒவ்வொரு கதையும் தனித்து முடியும். தமிழில் எண்பதுகளிலிருந்தே வந்துகொண்டிருப்பதால் மொழிபெயர்ப்பிலும் நகைச்சுவை நன்றாகப் படிந்திருக்கிறது.

பெற்றோரோ ஆசிரியரோ தயங்கினால் சொல்வதற்கு ஒரு செய்தியும் உண்டு. பழைய கதைகளில் லக்கி லுக்கின் வாயில் எப்போதும் சிகரெட் இருக்கும். 1983-இல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988-இல் உலக சுகாதார நிறுவனம் அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது. அதற்கு முந்தைய ஆல்பம் தமிழில் வரும்போது சிகரெட் இருக்கும், பிந்தையதில் புல் இருக்கும். நூலைப் பிரித்து நாயகனின் வாயைப் பார்த்தாலே அது எந்தக் காலத்துக் கதை என்று மாணவர்கள் சொல்லிவிடலாம்.